பாண் இறக்கிய போறணையில் பூக்கோவாவுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தை நான் தவறவிடுவதில்லை. வீட்டுக்காரி கையில் எடுப்பதற்கு முன்பே படித்துவிடுவேன். அதில் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. போன வாரம் அந்தப் பக்கத்தில் "குடும்பத்துக்கு ஏற்ற சத்தான இரவு உணவு" என்று தலைப்புப் போட்டு, பூக்கோவா (காலிபிளவர்) டெவல் செய்முறை கொடுத்திருந்தீர்கள். பூவைப் பிய்த்துச் சோள மாவில் புரட்டி, மூழ்க மூழ்க எண்ணெயில் பொரித்து, தக்காளி சோஸ், சோயா சோஸ், சீனி எல்லாம் விட்டுக் கிளற வேண்டுமாம். ருசியாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் வைத்தால் நானும் இரண்டாம் முறை கேட்டு வாங்குவேன். ஆனால் அதன் தலையில் "சத்தான" என்று எழுதியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் தலவாக்கலைப் பக்கத்துப் பேக்கரிகளில் பாஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். மீசை முளைக்காத வயதில் விறகு சுமக்கப் போனேன். பிறகு மா பிசைந்தேன், கடைசியில் பாண் சுடுகிற அடுப்பான போறணை என் பொறுப்புக்கு வந்தது. எதை எந்தச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் படித்த ஒரே படிப்பு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பூக்கோவாவை எண்ணெயில் பொரிக்கவும் வேண்டாம், தண்ணீரில் போட்டுக் குழைக்கவும் வேண்டாம். போறணைச் சூட்டில் சுட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் சுட வழி இல்லாதவர்களுக்கு, மாலைப் பாண் இறக்கிய பிறகு பேக்கரிக்காரர்கள் போறணையைத் திறந்துவிட வேண்டும். நான் பேனா எடுத்தது இந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதைச் சொன்னால், கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்பார்கள்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரை, அப்புறம் கந்தப்பளை, சீதாஎலிய, வெலிமடை, போரலந்தை என்று எங்கே பார்த்தாலும் மரக்கறிப் பாத்திதான். ஐரோப்பிய மரக்கறியை இந்தக் குளிருக்குக் கொண்டுவந்தவர்களில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரரின் பெயர் சொல்வார்கள். 1848 அளவில் நுவரெலியாவில் பண்ணை போட்டவர். துரைமார் சாப்பாட்டுக்காக வந்த கரட்டும் லீக்ஸும் கோவாவும் பிறகு தோட்டத் தொழிலாளரின் லயத்துக் கோடிவரை இறங்கி வந்துவிட்டன. பூக்கோவா மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் பெரிய இடத்துப் பிள்ளைதான். பாத்தியில் வளர்ப்பவர் நம் ஆள், வெட்டுபவர் நம் ஆள், லொறியில் ஏற்றுபவரும் நம் ஆள். ஏற்றி முடிந்ததும் அது பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போய்விடுகிறது. மிச்சம் கிடப்பதை வாங்கி வந்து நம் வீட்டில் என்ன செய்கிறோம்? உருளைக்கிழங்கோடு சேர்த்து, மஞ்சள் போட்டு, தேங்காய்ப் பால் விட்டு ஒரு வெள்ளைக்கறி. பிள்ளைகள் கிழங்கைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பூவைத் தட்டோரம் ஒதுக்கிவிடும். பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பூவை வாயில் வைத்துப் பார்த்தவன் நானும்தான்.

காரணம் இருக்கிறது. பூக்கோவாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை மறுபடியும் தண்ணீரிலேயே வேகவிட்டால் ருசி எங்கிருந்து வரும்? கோவா இனம் எல்லாவற்றிலும் கந்தகம் சேர்ந்த சத்து உண்டு. நேரம் கூடக் கூட அது பிரிந்து வாயுவாக வெளியே வரும். அழுகிய முட்டையில் நாறுவதும் அதே வாயுதான். இதில் மலைநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடு ஏறாது. கொழும்பில் எழுதிய சமையல் குறிப்பில் கிழங்கும் பருப்பும் பத்து நிமிடம் என்று இருந்தால், இங்கே அந்தப் பத்து நிமிடத்தில் கிழங்கு நறுக்கென்றுதான் இருக்கும். கிழங்கு வேகட்டும் என்று சட்டியை இன்னும் கொஞ்சம் அடுப்பில் விடுவார்கள். அதற்குள் பூ கூழாகிவிடும். போறணைக்கு அந்த வம்பு இல்லை. உள்ளே 200 பாகை என்றால் பேலியகொடையிலும் 200, கந்தப்பளையிலும் 200.

நல்ல சூட்டில் வைத்தால் முதலில் மேற்புறத்து ஈரம் போகும். ஈரம் போன இடம் 140 பாகையைத் தாண்டியதும் சிவக்கத் தொடங்கும். பாணின் மேற்தோல் சிவப்பதும் இதே வேலைதான். அந்தச் சிவந்த இடத்தில்தான் ருசி இருக்கிறது. மசாலா வெறும் துணைதான். இதை விளங்கிக்கொண்டவருக்கு மீதி எல்லாம் கைப்பழக்கம்.

பூவைத் தெரிவு செய்வதிலிருந்து சொல்கிறேன். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். பூ நெருக்கமாக இருக்க வேண்டும். பூ விரிந்து குருணை குருணையாகத் தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். சுற்றியிருக்கும் இலையைப் பாருங்கள், பூவின் வயதை இலை சொல்லிவிடும். வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் மஞ்சள் ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். தோட்டக்காரர்கள் பூ வெளுப்பாக இருப்பதற்காக அதன் இலைகளையே மடித்துப் பூவை மூடிவைப்பார்கள். மூடாமல் விட்ட பூ வெயில் பட்டு மஞ்சளாகும், அவ்வளவுதான். வியாபாரி அதை ஒதுக்கிவிடுவதால் வீதியோரக் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும். சுட்டபிறகு வெள்ளையும் மஞ்சளும் ஒரே பொன்னிறம்தான். கறுப்புப் புள்ளி விழுந்து பிசுபிசுப்பதை மட்டும் எடுக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது பூவைத் தலைகீழாக, உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி வைப்பது நம் வீடுகளில் பழகிய வழக்கம். நல்ல வழக்கம், புழு வெளியே வந்துவிடும். ஆனால் மருந்தும் அதோடு போய்விடும் என்று நம்பாதீர்கள். தெளித்த மருந்தில் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு ஓடும் தண்ணீரில் போகும். செடிக்குள் போனது எந்த மஞ்சளுக்கும் வராது. மருந்து அடித்தபின் எத்தனை நாள் கழித்து வெட்ட வேண்டும் என்று போத்தலில் எழுதியிருக்கிறது. மரக்கறி போடும் தம்பிமார் இதைப் படித்தால் கொஞ்சம் கோபப்படுவார்கள். படட்டும். கோவாவுக்கு வருகிற புழு பொல்லாதது, எனக்கும் தெரியும். விலை ஏறிய நாளில் காத்திருக்க மனம் வராது என்பதும் தெரியும். அதற்காகச் சொல்லாமல் விட முடியுமா?

அப்புறம் காயவைப்பது. பத்துப் பேரில் ஒன்பது பேர் கோட்டை விடும் இடம் இதுதான். கழுவிய பூவை அப்படியே தட்டில் பரப்பி உள்ளே வைத்தால் அது சுடப்படாது, தன் தண்ணீரிலேயே அவியும். எங்கள் பக்கம் மூடுபனி இறங்கினால் துவைத்த சட்டையே காயாது, பூ எங்கே காயும்? ஆகவே காலையிலேயே கழுவி, பெருவிரல் அளவு துண்டுகளாகப் பிரித்து, துணியில் பரப்பி அடுப்புப் பக்கமாக வைத்துவிடுங்கள். மாலையில் எடுத்துத் தொட்டால் கை நனையக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் பூ உடையாமல் காம்புப் பக்கம் கத்தி வைத்து நெடுக்காக ஒரு வெட்டு வெட்டினால் ஒரு பக்கம் தட்டையாகும். அந்தத் தட்டைப் பக்கம் தட்டில் படிய வேண்டும். சிவப்பது அங்கேதான்.

சுமார் 700 கிராம் பூவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். உப்பு, மஞ்சள், மிளகுத் தூள், ஒரு தேக்கரண்டி வறுத்த கறித்தூள் போட்டுக் கையால் பிசறுங்கள். கரண்டியால் கிளறினால் மசாலா எல்லாம் ஏனத்தின் அடியில்தான் கிடக்கும். தட்டில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கி அடுக்கினால் ஆவி போக இடமில்லாமல் மறுபடியும் அவியல்தான். 220 பாகையில் 25 நிமிடம், நடுவில் ஒரு தடவை புரட்ட வேண்டும். முதலில் தட்டு சோவென்று சத்தம் போடும், அது தண்ணீர் போகும் சத்தம். அது அடங்கி மெல்லிய பொரியும் சத்தம் வந்த பிறகுதான் சிவக்கத் தொடங்கும். ஓரம் கரும்பழுப்பாக, காம்பில் கத்தி இலேசாக இறங்கினால் சரி. வெளியே எடுத்த பிறகு தேசிக்காய் பிழியுங்கள், முன்னால் பிழிய வேண்டாம். இதை வெறும் வாயிலேயே பிள்ளைகள் காலி செய்துவிடும். எங்கள் வீட்டில் மருமகள், "மாமா, தட்டை மேசைக்கு வரவிடுங்கள், அதற்கு முன் கை வைக்காதீர்கள்" என்று சத்தம் போடுவது பேரனுக்கு அல்ல, எனக்கு.

இது அடிப்படை. குடும்பமே இரவுச் சாப்பாடாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நான் சொல்வது பருப்புப் போட்டுச் சுடுவது. அரைக் கப் மைசூர் பருப்பை மஞ்சள், உள்ளி, பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுக் கெட்டியாக வேகவையுங்கள். நான் சொன்ன உயரக் கதையை நினைவில் வைத்து, அடுப்பிலேயே நன்றாக மசியவிடுங்கள். போறணையில் வெந்துவிடும் என்று அரைவேக்காடாக வைத்தால் வேகாது. பூவைத் தனியே முக்கால் பதத்துக்குச் சுட்டு, பருப்போடு கலந்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி முதல் பால் விட்டு, குழிவான தட்டில் கொட்டுங்கள். மேலே போடத்தான் என் தொழில் உதவுகிறது. நேற்றைய பாணை உதிர்த்து, அதில் துருவிய தேங்காய் ஒரு பிடி, இடித்த செத்தல் மிளகாய், பொடியாக அரிந்த கருவேப்பிலை, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசறித் தூவுங்கள். மறுபடியும் 15 நிமிடம் உள்ளே. மேலே மொறுமொறு என்று, உள்ளே குழைவாக இருக்கும். ரொட்டிக்கும் சேரும், ரோஸ் பாணுக்கும் சேரும். சோற்றுக்கு அவ்வளவாகச் சேராது, அது என் கருத்து. வீட்டுக்காரி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தால் பூவை முழுதாகவே சுடலாம். உப்பு, மஞ்சள் போட்ட கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம் மட்டும் அமிழ்த்தி எடுத்து, தலைகீழாக வைத்து வடியவிடுங்கள். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் இஞ்சி, உள்ளி, மிளகாய்த் தூள், கறித்தூள், உப்பு குழைத்து மேலும் கீழும் பூசி, 200 பாகையில் முக்கால் மணி நேரம். கேக் வெட்டுவதுபோல் மேசையிலேயே துண்டு போட்டுக் கொடுத்தால் வந்தவர்கள் கறி இல்லையே என்று கேட்க மாட்டார்கள்.

துரை பங்களாக்களில் செய்த வகை ஒன்று உண்டு, வெள்ளைச் சோஸும் சீஸும் போட்டது. என் பெரியப்பா ஒரு பங்களாவில் குசினி வேலை செய்தவர், அவர் சொல்லித்தான் எனக்கு அது தெரியும். அவர்கள் போட்ட சீஸுக்கும் பட்டருக்கும் இன்றைக்கு ஒரு வாரச் சாமானே வாங்கிவிடலாம். குறைத்துச் செய்தாலும் நன்றாகத்தான் வருகிறது. ஒரு மேசைக்கரண்டி பட்டரில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை வறுத்து, ஒரு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் காய்ச்சி, மிளகும் சாதிக்காயும் துருவிப் போட்டு, சுட்ட பூவின் மேல் ஊற்றுங்கள். சீஸ் மேலே தூவ ஒரு பிடி போதும். சிவப்பது மேலேதானே, உள்ளே எதற்கு? மறுநாள் மிஞ்சியதை இரண்டு மூன்று முட்டை அடித்து ஊற்றி, வதக்கிய லீக்ஸ் சேர்த்து, 180 பாகையில் இறுகும்வரை சுட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாணுக்கு நடுவில் வைத்துக் கொடுக்கலாம்.

தண்டையும் இலையையும் எறியாதீர்கள். தண்டின் தோலைச் சீவி மெல்லிய வில்லையாக அரிந்தால் பூவோடு அதே தட்டில் வேகும். இளம் இலையைக் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் போட்டால் நொறுங்கும். முற்றிய இலை சுண்டலுக்கு.

சத்து விஷயத்தில் நான் டாக்டர் இல்லை, கிளினிக்கில் சொன்னதையும் படித்ததையும் சொல்கிறேன். வீட்டுக்காரிக்குச் சீனி வருத்தம். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரியும் 28 கிராம் மாச்சத்தும் இருக்கின்றன. அதே அளவு பச்சைப் பூக்கோவாவில் 25 கலோரி, 5 கிராம் மாச்சத்து. இரவில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் ஒரு தட்டுச் சுட்ட பூவை வைத்தால் வயிறும் நிறைகிறது. பூவில் 100 கிராமுக்கு 48 மில்லிகிராம் அளவில் விட்டமின் சி இருக்கிறது. சுடும்போதும் ஒரு பங்கு போகும், ஆனால் அவித்து ஊற்றிய தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போவது இல்லை. அந்த விட்டமின் சி, பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஏற வைக்கும். நம் ஆட்கள் அதையும் கெடுத்துக்கொள்கிறார்கள். சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டி. தேயிலைச் சாயம் இரும்பை மறித்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தேயிலைக்காரர்களிடமே தேத்தண்ணியைத் தள்ளிக் குடிக்கச் சொல்கிறேன், என்ன செய்வது?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த தோட்டப்புறப் பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று வந்தது. நாடு முழுவதற்கும் அது 17.3 சதவீதம். இந்தக் குறை பூக்கோவாவால் தீராது. அதற்கு முட்டை, பால், மீன் வேண்டும், சம்பளம் வேண்டும். ஆனால் கோடியில் விளைகிற ஒன்றைப் பிள்ளை ஒதுக்கி வைக்காமல் தின்னும்படி செய்து கொடுப்பது நம் கையில் இருக்கிறது. உப்பு ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவுதான் அது. டெவலில் ஊற்றும் சோயா சோஸ் ஒன்றே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். வாய்வு வரும் என்பவர்களுக்கும் ஒரு சொல்: கோவா இனத்துக்கு அந்தக் குணம் உண்டு, இஞ்சியும் பெருங்காயமும் போட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். லயத்துக் காம்பராவில் ஓவன் எங்கே இருக்கிறது? கரண்ட் கட்டணம் கட்டவே முழி பிதுங்குகிறது. 2022இல் காஸ் இல்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு பல வீடுகள் விறகு அடுப்பைவிட்டு வெளியே வரவும் இல்லை. விறகு அடுப்பில் சுட முடியாது என்று நினைக்க வேண்டாம். கனத்த அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் மணல் போட்டு, அதன் மேல் தட்டை வைத்து, இறுக்கமான தகர மூடி போட்டு, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினால் மேலும் கீழும் சூடு வரும். பிபிக்கன் என்ற தேங்காய்க் கேக் சுட்ட பழைய ஆட்களுக்கு இது தெரியும். கீழ் நெருப்பு குறைவாக, மேல் நெருப்பு கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் கொழுந்து எடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வந்து நிற்கிற பெண்ணிடம் போய் சிரட்டைத் தணல் போடு, மாற்றிப் போடு, மூடியைத் தூக்கிப் பார் என்றால், இந்த ஆலோசனைக்கு நல்ல பதில் கிடைக்கும். அது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது.

பேக்கரியில் இருப்பது வேறு நிலைமை. எங்கள் ஊரில் விறகுப் போறணை இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய அந்தப் போறணைக்குள் விறகை எரித்து, தணலையும் சாம்பலையும் இழுத்து வெளியே தள்ளி, ஈரச் சாக்குக் கட்டிய கம்பால் தரையைத் துடைத்த பிறகுதான் பாண் உள்ளே போகும். அதன்பின் நெருப்பு இல்லை, செங்கல் குடித்த சூடுதான் வேலை செய்யும். சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தரையில் விசிறுவோம். உடனே கருகினால் பொறுக்க வேண்டும். நிதானமாகச் சிவந்தால் பாண் வைக்கலாம். பாண் இறங்கியதும் பணிஸ், அதற்குப் பிறகு கேக், சூடு இன்னும் இறங்கினால் ரஸ்க் என்று இறங்குமுகத்தில் ஒவ்வொன்றாகப் போகும். மாலைப் பாண் முடிந்த நாளில் கடைசியாக எதுவும் வைப்பதற்கு இல்லாமல், அத்தனை சூடும் சும்மா ஆறிப்போவதை எத்தனையோ மாலை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த விறகுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. அந்தச் சூட்டில் ஒரு லயத்து வீடுகள் முழுவதும் இரவுச் சாப்பாடு சுடலாம்.

இது புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. நத்தார் வந்தால் சனம் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, கடதாசித் துண்டில் பெயர் எழுதி ஒட்டி, பேக்கரிக்குத் தூக்கி வருவதை வயதானவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள். அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் பிள்ளையார் படம் வைத்த வீட்டுத் தட்டும் வரும், முஸ்லிம் வீட்டுத் தட்டும் சிங்கள வீட்டுத் தட்டும் வரும். தட்டு மாறினால் சண்டையும் வரும், அது வேறு. கேக்கைச் சுட்டுக் கொடுத்த போறணைக்குப் பூக்கோவா ஆகாதா?

போன வருடக் கடைசியில் இதை ஒரு பேக்கரி முதலாளியிடம் கேட்டேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். "பாஸ், மரக்கறி வாசம் காலைப் பாணில் ஏறும், சுகாதாரம் பார்க்கிற பீ.எச்.ஐ வந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். இரண்டும் நியாயமான கேள்வி. வாசத்துக்கு என் பதில்: பூக்கோவாத் தட்டு போகிறது மாலைப் பாண் இறங்கிய பிறகு. காலைப் பாணுக்கு இரவில் மறுபடியும் விறகு எரிக்க வேண்டும். அந்த நெருப்பைத் தாண்டி எந்த வாசமும் நிற்காது. மாலு பணிஸ் சுட்ட போறணையில் மறுநாள் வந்த பாணில் மீன் வாசம் இருக்கிறது என்று ஒருவராவது சொல்லியிருக்கிறாரா? சுத்தத்துக்கு என் பதில்: தட்டு வீட்டுக்காரருடையது, மூடியோடு வர வேண்டும், இறைச்சி மீன் சேர்க்கக் கூடாது, மா பிசைகிற மேசைப் பக்கம் போகக் கூடாது, நேரே போறணை வாசலுக்கு. பீ.எச்.ஐ ஐயாவிடம் முதலே சொல்லி, அவர் சொல்கிற ஒழுங்கையும் எழுதி ஒட்டிவிடலாம். அவர்களும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான், காது கொடுத்துக் கேட்பார்கள்.

கூலியும் வாங்கத்தான் வேண்டும். இலவசம் என்று தொடங்கியது எதுவும் எங்கள் பக்கம் மூன்று மாதம் ஓடாது. ஒரு தட்டுக்கு ஒரு பணிஸ் விலை வைத்தால் கொடுப்பவருக்கும் பாரமில்லை, போறணை பார்க்கிற பையனுக்கும் கையில் நாலு காசு. தட்டைக் கொடுக்க வருகிறவர் பாணும் வாங்கிக்கொண்டுதான் போவார், அது முதலாளிக்கு. வாரத்தில் இரண்டு நாள், பின்னேரம் ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை என்று தொடங்கினால் போதும். டீசல் ஓவன், கரண்ட் ஓவன் வைத்திருக்கும் பேக்கரிகளிலும் கடைசித் தொகுதி இறங்கியபின் மிஞ்சுகிற சூடு ஒரு சுற்றுத் தட்டுகளுக்குக் காணும். ஆனால் அங்கே எரிபொருள் கணக்கு வேறு, அதை அந்த முதலாளிமார்தான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, இந்தக் கடிதத்தைச் சமையல் பக்கத்திலேயே போடுங்கள். ஆசிரியர் கடிதப் பகுதியை முதலாளிமார் படிப்பார்கள், வீட்டில் சமைக்கிறவர்கள் படிப்பது சமையல் பக்கத்தைத்தான். இரண்டாவது, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துப் பேக்கரிக்காரர்கள் யாராவது சரி என்று எழுதினால், எந்த நாள், எத்தனை மணி என்பதை ஒரு சிறு பெட்டியில் போட்டுவிடுங்கள். தட்டு கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய போறணைகளின் வாய் சிறியது. ஒன்றரை அடிக்கு மேல் அகலமான தட்டு உள்ளே போகாது, பிளாஸ்டிக் பிடி வைத்த சட்டி வேண்டவே வேண்டாம், பெயரைக் கடதாசியில் எழுதாமல் தட்டின் அடியில் ஆணியால் கீறிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேக்கரி பாஸ்,
தலவாக்கலை.